பெட்டியில் பிழை இருந்தால் விலை கூடுமா?

சென்ற பொங்கல் விழாவை ஒட்டி நம் சங்கத்துப் பிள்ளைகள் வைத்த கண்காட்சியில், தபால்தலைகளுக்கும் நாணயங்களுக்கும் நடுவே ஒரு மேசை நிறைய மாடல் கார்கள் இருந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த மேசைப் பக்கம் நான் நின்றிருந்த இரண்டு மணி நேரத்தில் பெற்றோர் மூன்று பேர் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பெட்டியில் அச்சுப்பிழை இருந்தால் அது பெரிய விலைக்குப் போகுமாமே, நிஜமா சார்?" அவர்களில் ஒருவருடைய மகன் அப்படிப்பட்ட பெட்டி ஒன்றுக்காகத் தன் பிறந்தநாள் பணம் முழுவதையும் கொடுக்கத் தயாராக இருக்கிறானாம்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. இதே ஊரில், அட்டைப்பெட்டி அச்சிடும் அச்சகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தபால்தலை சேர்க்கும் பழக்கம் அதற்கும் முந்தையது. பிழை எப்படி உண்டாகிறது என்பதை அச்சகத்திலும், பிழைக்கு ஏன் விலை வருகிறது என்பதைத் தபால்தலையிலும் கற்றுக்கொண்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன். கார் கிட் விஷயத்தில் பெட்டிக்கு விலை உண்டு. பெட்டியில் உள்ள பிழைக்கு அநேகமாக இல்லை.

முதலில், கிட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கட்டி முடித்த பொம்மைக் கார் வேறு, இது வேறு. பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் கோத்தபடி நூறு பாகங்கள் போல இருக்கும். கதவு, பம்பர், எஞ்சின், சக்கரம் என்று ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, பசை வைத்து ஒட்டி, வர்ணம் பூசி, தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கால் படங்களை ஒட்டினால் நிஜக் காரை 25ல் ஒரு பங்காகச் சுருக்கியது போல் வரும். அமெரிக்காவில் 1/25 அளவு பழக்கம், ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் 1/24. ஏ.எம்.டி., ரெவெல், மோனோகிராம், எம்.பி.சி., ஜோ-ஹான் ஆகியவை அமெரிக்கப் பெயர்கள். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து தாமியாவைக் கார் பிரியர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

பிழைக்கு விலை என்ற நம்பிக்கை தபால்தலையிலிருந்து வந்தது. அதன் ஆரம்பக் கதைகளில் ஒன்று நம் கல்கத்தாவில்தான் நடந்தது. 1854ல் நான்கு அணாத் தபால்தலையை இங்கே சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தில் அச்சிட்டார்கள். சிவப்புச் சட்டம், அதற்குள் நீல நிறத்தில் விக்டோரியா மகாராணியின் தலை. இரண்டு நிறம் என்பதால் தாளை இரண்டு முறை அச்சில் ஓட்டவேண்டும். இரண்டாம் தடவை தாள் தலைமாறிப் போனால் மகாராணி தலைகீழாக நிற்பார். அப்படித்தான் ஆயிற்று. பிழையான தாள்கள் அநேகமாகக் கண்ணில் பட்டுக் கழிக்கப்பட்டிருக்கும்; தப்பி வெளியே போனவை மிகச் சில. உலகத்தின் பெரிய ஏலங்களில் இன்று அவை பேசப்படுகின்றன.

அமெரிக்காவின் கதை இன்னும் பிரபலம். 1918 மே மாதம் வாஷிங்டனில் 24 சென்ட் விமானத் தபால்தலைத் தாள் ஒன்றை ராபி என்பவர் வாங்கினார். நூறு தலைகள், விலை 24 டாலர். எல்லாவற்றிலும் விமானம் தலைகீழாகப் பறந்துகொண்டிருந்தது. சில நாட்களில் அதை 15,000 டாலருக்கு விற்றார். வேறு தாள் எதுவும் வெளியே வரவில்லை. உலகத்தில் இருப்பது அந்த நூறுதான், அது யார் யார் கைக்குப் போயிற்று என்பதற்கும் கணக்கு இருக்கிறது. "பிழை என்றால் பணம்" என்று ஊரெல்லாம் நம்பத் தொடங்கியது இதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இதே அமெரிக்கத் தபால்துறை 1962ல் செய்த காரியத்தை யாரும் சொல்வதில்லை. விமான விபத்தில் இறந்த ஐ.நா. பொதுச்செயலாளர் ஹாமர்ஷீல்டுக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். அதில் சில தாள்களில் மஞ்சள் நிறம் மட்டும் தலைகீழாக விழுந்துவிட்டது. நியூ ஜெர்சியில் நகைக்கடை வைத்திருந்த ஒருவர் கையில் அப்படி ஒரு தாள் கிடைத்தது. மனிதர் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்! செய்தி பத்திரிகையில் வந்ததும் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஓர் உத்தரவு போட்டார்: அதே பிழையை வேண்டுமென்றே திரும்ப அச்சிடுங்கள். சுமார் 4 கோடி தபால்தலைகள் பிழையோடு வந்து இறங்கின. நகைக்கடைக்காரரின் புதையல் ஒரே வாரத்தில் சில்லறையாகிவிட்டது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிழை இரண்டிலும் ஒரே மாதிரிதான். முதலாவது நூறு, இரண்டாவது நான்கு கோடி. ஆக, கணக்குத்தான் விலை. 2013ல் அமெரிக்கத் தபால்துறை பழைய விமானத் தலையை 2 டாலர் விலையில் மறுபடி வெளியிட்டபோது 22 லட்சம் தாள்களில் விமானத்தைத் தலைகீழாகவே அச்சிட்டுவிட்டு, நூறு தாள்களில் மட்டும் நேராக அச்சிட்டுக் கலந்து விட்டது. சேகரிப்பவர்கள் தேடி அலைந்தது நேராகப் பறந்த விமானத்தை!

இனி அட்டைப்பெட்டிக்கு வருவோம். இது என் சொந்த ஊர் மாதிரி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெட்டியை ஒவ்வொன்றாக யாரும் அச்சிடுவதில்லை. பெரிய அட்டை ஷீட் ஒன்றில் நான்கோ ஆறோ எட்டோ பெட்டிகளின் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, நான்கு நிறத்துக்கு நான்கு பிளேட் போட்டு ஓட்டுவோம். அதன் பிறகு வார்னிஷ், பிறகு டை போட்டுப் பஞ்சிங், பிறகு மடித்து ஒட்டுதல். பிழை இதில் எந்த இடத்தில் புகுந்தது என்பதைப் பொறுத்துத்தான் எத்தனை பெட்டியில் அது இருக்கும் என்பது அமையும்.

காரின் பெயரில் ஓர் எழுத்து தப்பு, வருடம் தப்பு, அளவு தப்பு என்றால் அது டிசைன் தயாரித்த மேசையிலேயே நடந்த தவறு. அந்தக் காலத்தில் ஃபிலிம் பாசிட்டிவ்களை வெட்டி ஒட்டித்தான் பிளேட்டுக்குத் தயார் செய்வோம். போன வருடத்துப் பக்கவாட்டுத் துண்டை மாற்றாமல் அப்படியே ஒட்டிவிட்டால் தீர்ந்தது, ஓடுகிற அத்தனை ஷீட்டிலும் அந்தப் பிழை இருக்கும். ஆர்டர் ஐம்பதாயிரம் பெட்டி என்றால் ஐம்பதாயிரத்திலும் இருக்கும். வாடிக்கையாளர் பார்த்துக் கத்துவார். ஆனால் எழுத்துப் பிழைக்காக அவ்வளவு அட்டையையும் யாரும் எரிப்பதில்லை. கழிவு போட்டுக்கொண்டு வாங்கிப் போவார்கள், பெட்டி கடைக்குப் போகும். மக்கள் "அரிய பிழை" என்று எடுத்துக் காட்டுகிற பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த ரகம். அந்தப் பதிப்பின் எல்லாப் பெட்டியும் அப்படித்தான் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பிறகு திருத்தி ஓர் ஆயிரம் மட்டும் அச்சிட்டிருந்தால், பிழையில்லாத பெட்டிதான் உண்மையில் அரியது.

ஷீட்டில் உள்ள எட்டுப் பெட்டிகளில் ஒன்றில் மட்டும் கீறலோ புள்ளியோ விழுந்திருந்தால் எட்டில் ஒரு பெட்டிக்கு அது வரும். இதைக் கவனிப்பவர்களே குறைவு. நிறம் நகர்ந்து, காரின் சிவப்பு அதன் கோட்டை விட்டு விலகி நிற்பதை நாங்கள் ரிஜிஸ்டர் அவுட் என்போம். மெஷினைச் சரி செய்யும்போது முதல் நூறு இருநூறு ஷீட் அப்படித்தான் வரும். அவை தனியே எடுத்து வேஸ்ட்டாகப் போடப்படும். அதிலிருந்து ஒன்று தப்பிப் பெட்டியாகி, பொருள் நிரப்பிக் கடைக்குப் போனால் அது தபால்தலைப் பிழைக்கு உறவு என்று சொல்லலாம். நீலமே விழாத பெட்டி, ஒரு பக்கம் அச்சே இல்லாத பெட்டி எல்லாம் இதில் சேர்த்தி. கிட் பெட்டியில் இந்த வகை வந்தால் சிலர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார்கள். கொஞ்சம்தான்.

ஏன் கொஞ்சம்? தபால்தலையில் அச்சுதான் பொருள், அதை எடுத்துவிட்டால் வெறும் தாள். கிட்டில் பொருள் உள்ளே இருக்கிறது, பெட்டி அதன் சட்டை. சட்டையில் தையல் மாறியதற்காக மாப்பிள்ளையின் சம்பளம் உயராது.

பேஸ்பால் அட்டைகளில் இரண்டு உதாரணம் நன்றாகப் பொருந்தும். 1909லிருந்து 1911 வரை அமெரிக்கச் சிகரெட் பாக்கெட்டுகளில் வந்த ஒரு வரிசையில், மகீ என்ற ஆட்டக்காரர் பெயரில் ஓர் எழுத்து மாறி அச்சாயிற்று. சீக்கிரமே திருத்திவிட்டார்கள். அதனால் பிழையுள்ளது குறைவு, விலை அதிகம். 1989ல் ஃபிளீர் கம்பெனி அட்டை ஒன்றில் பில்லி ரிப்கன் பிடித்திருந்த மட்டையின் அடியில் ஓர் ஆபாச வார்த்தை எழுதியிருந்தது அப்படியே படத்தில் விழுந்துவிட்டது. ஊரே சிரித்தது. கம்பெனி அவசரம் அவசரமாக அதைக் கறுப்புக் கட்டம் போட்டும், கீறியும், வெள்ளை பூசியும் மறைத்து மறைத்து அச்சிட்டது. இன்று அதில் மிக அதிக விலை போவது அந்த ஆபாச வார்த்தை உள்ள அட்டை அல்ல. வெள்ளை பூசிய திருத்தம், ஏனென்றால் அதுதான் மிகக் குறைவாக வந்தது.

சரி, கார் கிட் வாங்குபவர்கள் எதற்குத்தான் பணம் தருகிறார்கள்? அமெரிக்காவில் 1958 முதல் ஏ.எம்.டி. அந்தந்த வருடத்துப் புதுக் கார்களை அந்தந்த வருடமே கிட்டாக வெளியிட்டது. சாதாரணக் கார், அலங்காரக் கார், பந்தயக் கார் என்று மூன்று விதமாகக் கட்டலாம் என்பது விளம்பரம். அடுத்த வருடம் நிஜக் கார் தன் முகத்தை மாற்றிக்கொள்ளும். கிட் கம்பெனியும் அதே இரும்பு அச்சை வெட்டிச் செதுக்கிப் புது வருடத்துக்கு மாற்றிவிடும். பழைய வருடத்து அச்சு அதோடு போயிற்று. யார் நினைத்தாலும் அதிலிருந்து இன்னொன்று எடுக்க முடியாது. ஆகவே 1960களின் இந்த வருடாந்தரக் கிட்டுகளில் ஒட்டாமல், பாகம் குறையாமல் இருப்பவைக்குத்தான் உண்மையான கிராக்கி. அரிய தன்மை அங்கே இரும்பில் இருக்கிறது, அட்டையில் இல்லை.

அச்சு கெடாமல் பிழைத்த கிட்டுகளோ திரும்பத் திரும்பப் புதுப் பெட்டியில் வருகின்றன. ஏ.எம்.டி., எம்.பி.சி. பெயர்களில் இப்போது வெளியிடும் ரவுண்ட் 2 என்ற நிறுவனம் பழைய பெட்டி ஓவியத்தையே திரும்ப அச்சிட்டுத் தருகிறது. கட்டிப் பார்க்க ஆசைப்பட்டவன் புதியதை வாங்கிக்கொள்கிறான், பழையதன் விலை சற்று இறங்கும்.

இங்கேதான் பெட்டிக்கு வேலை வருகிறது. ஒரே அச்சிலிருந்து நான்கு பதிப்பு வந்திருந்தால் உள்ளே பார்த்து வித்தியாசம் சொல்வது கடினம். பெட்டிதான் பிறப்புச் சான்றிதழ். ஓரத்தில் உள்ள கிட் எண்ணைப் பார்க்க வேண்டும், கம்பெனியின் முகவரியைப் பார்க்க வேண்டும். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் 1963க்கு முந்தையதாக இருக்க வழியில்லை. பார்கோடு இருந்தால் 1974க்குப் பிந்தையதுதான். பார்கோடை முதன்முதலில் கடையில் வாசித்தது 1974 ஜூன் 26ல், ஒஹாயோ மாநிலத்து டிராய் நகரில், ஏ.எம்.டி. இருந்ததும் டிராய்தான், ஆனால் அது மிச்சிகன் மாநிலத்து டிராய். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் நாட்டுப் பழைய பெட்டிகளுக்கும் இதே சூத்திரம் பொருந்தும். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15ல் வந்தது. "கல்கத்தா–16" என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு முந்தையது என்று ஊகிக்கலாம்.

இதெல்லாம் தெரியாததால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எனக்கு மூத்த நண்பர் ஒருவர், 1964ல் கப்பலேறியவர், எஞ்சினியர். போன துறைமுகத்திலெல்லாம் கார் கிட் வாங்கி வருவார். கட்டுவதற்கு மட்டும் நேரம் கிடைக்கவில்லை. அவர் காலமானபின், நான் அண்ணி என்று அழைக்கும் அவர் மனைவி வீட்டைக் காலி செய்து கோயம்புத்தூரில் மகனோடு போய் இருப்பதென்று முடிவாயிற்று. பரணில் 43 பெட்டிகள். ஒன்றில் மேல்மூடியில் ஒரு வருடமும் பக்கவாட்டில் முந்தின வருடமும் இருந்தன. வியாபாரி ஒருவர் வந்தார். அந்த ஒரு பெட்டியைக் கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. "அம்மா, இது பொக்கிஷம். இதை யாருக்கும் கொடுக்காதீர்கள், பிள்ளைகளுக்கு உதவும். மற்ற 42ஐயும் இருபதாயிரத்துக்கு நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். எவ்வளவு நல்ல மனிதர்!

அண்ணி எனக்குப் போன் செய்தார். "தம்பி, நாளைக் காலையில் டெம்போ கொண்டு வருகிறேன் என்கிறார். கொடுத்துவிடட்டுமா? இந்த ஒரு பெட்டி எழுபதாயிரம் போகுமாம், தங்கை மகன் எங்கோ பார்த்தானாம்."

அவன் பார்த்தது யாரோ கேட்டிருந்த விலை. கேட்கிற விலைக்கு வரம்பே இல்லை, என் பழைய குடைக்கும் லட்சம் ரூபாய் கேட்கலாம். கைமாறிய விலை என்ன என்பதே கேள்வி. அன்று மாலை அண்ணியின் பேத்தி உட்கார்ந்து அதே கிட் விற்பனைக்கு வந்த படங்கள் பத்தைத் தேடி எடுத்தாள். பத்திலும் பக்கவாட்டில் அதே பழைய வருடம்! பாசிட்டிவ் துண்டை மாற்றாத கதைதான். விற்று முடிந்தவை சாதாரண விலைக்கே போயிருந்தன. மற்ற 42ல்தான், மூடி கிழிந்து பார்க்கச் சுமாராக இருந்த ஆறு வருடாந்தரக் கிட்டுகள் இருந்தன. பாகப் பைகள் பிரிக்கப்படவில்லை, செய்முறைத் தாளும் டெக்காலும் உள்ளே. எட்டு மாதத்தில் அவற்றைத் தனித்தனியாக விற்றதில், வியாபாரி மொத்தத்துக்கும் சொன்னதைப் போல ஆறு மடங்குக்கு மேல் கிடைத்தது. "பொக்கிஷம்" கடைசியாக, மற்ற சாதாரணப் பெட்டிகளின் விலைக்கே போயிற்று.

பிழைப் பெட்டியை வாங்கத்தான் வேண்டும் என்று பிள்ளை அடம் பிடித்தால், அந்த அண்ணியின் பேத்தி செய்ததையே செய்யச் சொல்லுங்கள். அதே எண்ணுள்ள பெட்டிகள் பத்தைப் பார்த்தால் போதும், பாதிக் கனவு கலைந்துவிடும். தபால்தலைக்கு உள்ளதுபோல் நிபுணர் குழுச் சான்றிதழ், பிழைகளுக்கென்ற கேட்டலாக் எல்லாம் கிட் பெட்டிக்குப் பழக்கத்தில் இல்லை. இன்றைய டிஜிட்டல் பிரிண்டரில் ஒரு பெட்டி மூடியைத் தப்பாக அச்சிட்டுத் தருவது ஒரு மணி நேர வேலை. "மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காதது" என்பதும் சாட்சி அல்ல. உறையை மறுபடி போட சின்ன மெஷின் போதும். ஹாட் வீல்ஸ் போன்ற சிறு கார்களில் அட்டையில் ஒரு பெயரும் குமிழுக்குள் வேறு காரும் இருப்பதைப் பிழை என்று சேர்க்கிறார்கள். அதிலும் பிரித்து ஒட்டிய பித்தலாட்டம் ஏராளம்.

பிரிக்காத உறையில் இன்னொரு சங்கடம். அந்தக் காலத்து வினைல் டயர்களிலிருந்து கசியும் மென்மையாக்கும் ரசாயனம், அது தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கிப் பள்ளம் போட்டுவிடும். வெளியே பெட்டி புத்தம் புதிதாக இருக்கும், உள்ளே கார்க் கூரையில் டயர் தடம். உறையும் வருடம் போகப் போக இறுகிப் பெட்டியை நெளிக்கும். நம் ஊர் மழைக்காலத்துக்கு நான் சொல்வது: டயர்களைத் தனிக் காகிதத்தில் சுற்றுங்கள், பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள், சுவரோடு ஒட்டாதீர்கள், வருடத்துக்கு இரண்டு தடவை எடுத்துக் காற்றாட வையுங்கள். கரையானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் வருடாந்தரக் கிட்டும் சாதாரணக் கிட்டும் ஒன்றுதான். டிரான்ஸ்ஃபர் வந்து சாமான் கட்டும்போது இடத்தை அடைக்கிறது என்று பெட்டியை மட்டும் எறிந்துவிட்டுப் பாகங்களைப் பிளாஸ்டிக் கவரில் போடும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கியாவது எடுத்துப் போங்கள்.

கடைசியாக ஒன்று. பெயர் மாறிய பொருளுக்கு நிஜமாகவே கிராக்கி வந்த கதையும் இந்த ஊரில் உண்டு. அது கிட் அல்ல, வார்ப்பு உலோகக் கார். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரின் பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் டிங்கி டாய்ஸ் செய்த மெக்கானோ கம்பெனி, பழைய அச்சுகள் சிலவற்றை 1960களின் கடைசியில் கல்கத்தாவுக்குக் கொடுத்தது. இங்கே அவை "நிக்கி டாய்ஸ்" என்ற பெயரில் வந்தன. ஜாகுவார், மெர்சிடிஸ் எல்லாம் உண்டு. சிலவற்றின் அடித்தட்டில் பழைய டிங்கி என்ற பெயரை அரைகுறையாக அழித்த தடம் தெரியும். இதை அச்சுப்பிழை என்று யாரும் வாங்குவதில்லை. லிவர்பூல் அச்சு கல்கத்தாவில் வேலை செய்ததற்கு அந்தத் தடம் சாட்சி என்பதால் வாங்குகிறார்கள். குறைவாகவே செய்யப்பட்டது, குழந்தைகள் விளையாடித் தீர்த்ததும் அதிகம். பெட்டியோடு கிடைப்பது மிகக் கடினம்.

லேக் மார்க்கெட் பக்கத்துப் பழைய வீடுகளில் நம்மவர்கள் ஐம்பது அறுபது வருடமாக இருக்கிறார்கள். பரணைச் சுத்தம் செய்யும்போது "நிக்கி" என்று எழுதிய சின்ன அட்டைப்பெட்டி கிடைத்தால், எவ்வளவு நைந்திருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் எனக்கு ஒருமுறை காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் சங்க நூலகத்தில் இருப்பேன்.